பக்கம் 641, இடது பத்தி

வாசலில் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட காவலருக்கும் என் குடும்பப் பெயர்தான். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் பார்த்தேன். எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இந்த நகரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது எங்கள் பெயர்க்காரன் ஒருவன் தலையில்தான் விழும். அவன் திரும்பி யாரையாவது திட்டினால், திட்டு வாங்குபவனும் எங்கள் பெயர்க்காரனாகவே இருப்பான்.

தண்ணீர் வைத்ததற்கு நன்றி. நான் நிதானமாகத்தான் சொல்லுவேன். நடுவில் பேசாமல் இருந்தால் முடித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். யாரும் என்னைப் பிடித்துக் கொண்டுவரவில்லை, நானாக நடந்து வந்தேன் என்பதை மட்டும் முதல் வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது ஓர் அகராதி அலுவலகத்தில். சொற்களின் அகராதி அல்ல, ஆட்களின் அகராதி. நாட்டில் பேர் பெற்றவர்கள் எல்லாருக்கும் அதில் ஒரு குறிப்பு உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒரு பதிப்பு. தடிமனான புத்தகம், சில நூலகங்களில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். உதவி ஆசிரியர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் எழுத்து வாரியாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். எனக்கு எழுத்து கிடையாது. ஒரே ஒரு குடும்பப் பெயர். என்னுடையதே. நாற்பத்தாறு பக்கம், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இருபத்தாறு வருடமாக அதைத்தான் பார்த்து வருகிறேன்.

இந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் உண்மையிலேயே பேர் பெறத் தகுந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் ஆலையில்லாத ஊரின் இலுப்பைப்பூக்கள். ஒற்றைக் காலில் நாற்பது மணி நேரம் நின்றவர் ஒருவர். குடைக்குப் புதுவிதமான பொத்தான் கண்டுபிடித்தவர் ஒருவர். மழையில் நனைந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்று தெரிந்த பிறகும் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. அமைச்சர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் தன்னைப் பற்றி எழுதி அனுப்பிய தாளில் குடும்பப் பெயரையே தப்பாக எழுதியிருந்தார். பேரும் குடும்பப் பெயரும் சேர்ந்தே ஒன்றாக இருப்பவர்கள் நிறைய. அவர்களைப் பிரித்துக் காட்ட அடைப்புக்குறிக்குள் தொழிலைப் போடுவோம். அதனால் அலுவலகத்தில் நாங்கள் யாரையும் பெயரால் குறிப்பிடுவதில்லை. குடை, ஒற்றைக்கால், பாலம், செவிலியர். உங்களிடமும் அப்படித்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கெட்டி அட்டை. ஆள் இறந்துவிட்டால் அட்டையின் மேல் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டுவோம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் யானையோடு குடியிருந்ததில்லை. உயிரோடிருப்பவர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். எனக்கு ஆறு வரிதான், என் மச்சானுக்கு எட்டு வரியா என்பார்கள். விருதை விட்டுவிட்டீர்கள், இரண்டாம் மனைவியை எடுத்துவிடுங்கள் என்பார்கள். மூலை வெட்டிய அட்டைகளிடம் இந்தத் தொல்லை இல்லை. இழுப்பறையைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும், எத்தனை பேர் ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள் என்று. மதிய உணவு முடிந்ததும் சில நாள் அப்படித் தடவிப் பார்ப்பேன்.

இப்போது ஒரு விதியைச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

அகராதியைத் தொடங்கிய மனிதர் கறாரான ஆள். தொகுத்தவர்கள் பெயர் புத்தகத்தில் எங்கேயும் வரக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஓர் இடம் மட்டும் விலக்கு. ஒவ்வொரு பதிப்பின் கடைசியிலும் போன பதிப்பின் பிழைகளுக்கு ஒரு திருத்தப் பட்டியல் இருக்கும். பக்கம், பத்தி, பிழை, திருத்தம், அதன் பக்கத்தில் அந்தப் பிழையைச் செய்த உதவி ஆசிரியரின் முழுப் பெயர். சரியாகச் செய்வதற்குச் சம்பளம், தப்பாகச் செய்வதற்குப் பெயர் என்பது அவர் கணக்கு. ஆக, எங்களில் ஒருவன் அந்தப் புத்தகத்துக்குள் நுழைய ஒரே வாசல் அதுதான்.

ஐந்து பதிப்புகளில் என் பெயர் ஒருமுறை கூட வரவில்லை. அலுவலகத்தில் இதைப் பெருமையாகப் பார்க்கிறவர்கள் இல்லை. அடுத்த மேசைக்காரர் பதினொரு முறை பட்டியலில் வந்தவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"பதினொரு தடவை என் பேர் அச்சுல வந்துடுச்சு. எங்க வீட்டுல புத்தகத்தை வாங்கி அடிக்கோடு போட்டு வெச்சிருக்காங்க. உங்க பேர் ஒரு தடவை கூட வரலையே சார், பாவம்."

என் அக்கா வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை. அக்காவும் சாப்பாடு போடும்போது கேட்பாள். "ஊர்ப்பட்ட பேர் பேரையெல்லாம் எழுதுறியே, உன் பேரை எப்போடா எழுதப் போறே?" இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் குழம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே மரியாதை.

போன மார்ச் மாதம், ஆறாம் பதிப்பின் பக்கங்கள் அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது, நாளிதழில் ஒரு காலமானார் விளம்பரம் வந்தது. பெயர், குடும்பப் பெயர், ஓய்வுபெற்ற செவிலியர், இதே நகரம். என் இழுப்பறையில் இருந்த அட்டையோடு பொருந்தியது. மூலையை வெட்டினேன். பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் கோடு போட்டு இறந்த ஆண்டைச் சேர்த்தேன். எங்கள் அகராதி ஆண்டை மட்டும்தான் போடும். மாதமும் நாளும் போடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செவிலியர் எதற்குப் பேர் பெற்றவர் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு வெள்ளத்தில் பெரிய மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் போய்விட்டது. பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஆறு குழந்தைகள் இயந்திரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. இவர் கையால் அமுக்கும் சுவாசப் பையை எடுத்து, ஒரு கைக்கு ஒரு குழந்தையாக, மற்றக் குழந்தைகளுக்கு ஆயாக்களையும் ஒரு தாயையும் பழக்கி உட்கார வைத்து, அறுபது மணி நேரம் மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆறும் பிழைத்தன. அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அவர் ஊசி போட்டுப் படுக்கை விரித்த சாதாரணச் செவிலியர். அறுபது மணி நேர வேலைக்கு ஒன்பது வரி. நான் இருபத்தாறு வருடம் வேலை செய்திருக்கிறேன். ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை.

செப்டம்பரில் புத்தகம் வந்தது. அக்டோபரில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். ரப்பர் அடி வைத்த செருப்பு. வந்த சத்தமே கேட்கவில்லை.

"இங்க செத்தவங்களைப் பத்தி எழுதுறது யாரு?" என்றார்.

அடுத்த மேசைக்காரர் என்னைக் கை காட்டினார். அந்த அம்மாள் என் எதிரில் உட்கார்ந்து, பையிலிருந்து நான்காக மடித்த ஒரு நகலை எடுத்து மேசை மேல் விரித்து நீவிவிட்டார். பக்கம் 641, இடது பத்தி. தன் பெயர் மேல் விரலை வைத்தார்.

"நான்தான் தம்பி இது. செத்துப்போயிட்டேன்னு போட்டிருக்கீங்க. சரி, எழுதினவரை ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு வந்தேன்."

அடுத்த மேசைக்காரர் குனிந்து இழுப்பறையில் எதையோ தேட ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது.

அந்த மார்ச் மாத விளம்பரம் வேறொருத்தியுடையது. அதே பெயர், அதே தொழில், வேறு மருத்துவமனை. பேர் பெறாதவள். இந்த நகரத்தில் இது நடக்கக் கூடியதுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் கையை ஆட்டினார்.

"அட, விடுங்க. நான் சண்டை போட வரலை. நன்றி சொல்ல வந்தேன். எனக்கும் என் தம்பிக்கும் பதினேழு வருஷமாப் பேச்சு கிடையாது. அம்மா சாவுல ஏற்பட்ட மனஸ்தாபம். அவன் ஊர் நூலகத்துல யாரோ இந்தப் பக்கத்தைக் காட்டியிருக்காங்க. அக்கா போய்ச் சேர்ந்துட்டா, சொல்லக்கூட ஆள் இல்லாமப் போச்சேன்னு அழுதுக்கிட்டே பஸ் ஏறி வந்திருக்கான். வந்து, உள்ள வேற யாராவது குடி வந்திருப்பாங்கன்னு கதவைத் தட்டுறான். திறந்தது நான்."

"அப்புறம்?" என்றார் அடுத்த மேசைக்காரர். இழுப்பறையை விட்டுத் தலையை நிமிர்த்தியிருந்தார்.

"அப்புறம் என்ன, வாசல்லயே உக்காந்துட்டான். நான் நாடி பிடிச்சுப் பார்த்தேன். ஜனவரி ரெண்டாம் தேதி வந்து என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். எல்லாம் இந்தத் தம்பி புண்ணியம்."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிழையால் ஒரு குடும்பம் சேர்ந்துவிட்டதாம். குடும்பங்கள் சேர்வதும் பிரிவதும் சந்தையில் நடக்கிற காரியம். பிழை பிழைதான்.

திருத்தம் போடுவோம் என்று சொன்னேன். வேறு ஏதாவது தப்பு இருக்கிறதா என்றும் கேட்டேன். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மத்ததெல்லாம் ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. திருத்தம் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. அடுத்த புத்தகம் வர்றதுக்கு அஞ்சு வருஷம் இருக்கே. அதுக்குள்ள நானே அதைச் சரி பண்ணிக் குடுத்துட மாட்டேனா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த அறையில் அன்று பேசிய மூன்று பேரில், விஷயத்தை ஓர் ஆசிரியரைப் போல யோசித்தவர் அவர் ஒருவர்தான். ஒன்றை மட்டும் அவர் கவனிக்கவில்லை. ஐந்து வருடத்துக்குள் என்பது போதாது. அச்சில் இருப்பது இந்த ஆண்டு.

அன்று மாலை தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு அலுவலகத்தில் முன்னுரை என்று பெயர். அதைத் தவிர அவர் எதுவும் எழுதியதில்லை. "ஒண்ணுதானே, விடுங்க. இத்தனை அழகா வேலை செஞ்சதுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும்" என்றார். நான் வரும் ஜூனில் ஓய்வு பெறுகிறேன். ஏழாம் பதிப்பில், நான் போய் நான்கு வருடம் கழித்து, என் முழுப் பெயர் முதலும் கடைசியுமாக அந்தப் புத்தகத்தில் வரும். உயிரோடிருக்கும் ஒருத்தியைச் சாகடித்தவன் என்று. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு அந்தப் பெயரில் இன்னொருவன். குடையும் ஒற்றைக்காலும் முன்வாசல் வழியாக உள்ளே போய்விட்டார்கள். எனக்குக் கொல்லைப்புறம்.

மேசைக்குத் திரும்பி வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். ஆண்டு முடிய எழுபத்தோரு நாள் இருந்தது. குறிப்பு தவறு என்று இன்னும் சொல்ல முடியாது. அது இன்னும் உண்மையாகவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை நான் பலமுறை யோசித்தேன். எனக்கு அதில் ஓட்டை தெரியவில்லை.

நவம்பரில் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். எந்தத் தீர்மானமும் இல்லை. இயற்கை ஒத்துழைக்குமா என்று பார்க்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடம், நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது எனக்குத்தான். அவர் என்னை உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார்.

"படபடன்னு அடிக்குதே தம்பி. டாக்டர்கிட்டக் காட்டுங்க. தனியாவா இருக்கீங்க?"

அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னேன்.

"அக்காவுக்கு அடங்கி நடங்க, நல்லா இருப்பீங்க. என் தம்பிக்கு அது பதினேழு வருஷம் கழிச்சுப் புரிஞ்சிருக்கு."

டீ கொடுத்தார். சாமான்களில் பாதி ஏற்கெனவே அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தது. சுவரில் ஆறு குழந்தைகளின் படங்கள். குழந்தைகள் என்றால் இப்போது தொப்பை விழுந்த ஆண்களும் நரை எட்டிப் பார்க்கிற பெண்களும். ஒருத்தி மாதம் ஒருமுறை வந்து துணி துவைத்துப் போடுவாளாம். ஒருவன் ஏதோ தப்புக்காகச் சிறையில் இருக்கிறானாம். அவனுக்கும் கடிதம் போடுவாராம். மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றியது எப்படிப்பட்டவர்களை என்று இவர் ஒருமுறையும் யோசித்ததாகத் தெரியவில்லை. பேர் பெற்றவர்களிடம் நான் எப்போதும் காணும் குறை இது. செய்ததோடு சரி, அதைத் தரம் பிரிக்கத் தெரியாது.

படி இறங்கும்போது இயற்கை ஒத்துழைக்காது என்று தெரிந்துவிட்டது. அந்த அம்மாள் இன்னும் பதினைந்து வருடம் இருப்பார்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி மதியம் மூன்றரை மணிக்கு மறுபடியும் போனேன். குறிப்பை விரிவாக்கப் போகிறோம், வெள்ளத்தின்போது மருத்துவமனை கொடுத்த பாராட்டுக் கடிதம் வேண்டும் என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அது அலமாரி உச்சியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. நான் எடுக்கிறேன் என்றேன்.

"உங்க நாடித் துடிப்புக்கு ஸ்டூல் மேல ஏத்தினா என்னைத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க. நீங்க கீழ நின்னு நல்லாப் பிடிச்சுக்கோங்க, போதும்."

பிடித்துக்கொண்டேன். அவர் ஏறினார். பெட்டியை இரண்டு கையாலும் இழுத்தார். அப்போது நான் ஸ்டூலிலிருந்து கையை எடுத்தேன்.

இல்லை, அப்படி எழுத வேண்டாம். துல்லியமாக இருக்கட்டும். ஸ்டூலை இழுத்தேன்.

கட்டிலின் விளிம்பில் தலை பட்டது. கடிதங்கள் அறை முழுக்கப் பறந்தன. அவர் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. கீழ் வீட்டில் சொல்லுங்கள் என்றார், தெளிவாகவே. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயத்தில் உறைந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

"பயப்படாதீங்க தம்பி. ஒண்ணும் இல்ல. மெதுவா மூச்சு விடுங்க. மெதுவா எழுந்து, கீழ போய்…"

அந்த வாக்கியம் முடியவில்லை. அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். இடைவெளி கூடிக்கொண்டே போனது. அறுபது மணி நேரம் மற்றவர்களுக்காக எண்ணியவர் அல்லவா. அவருக்காக நான் எண்ணினேன். இருபத்தெட்டு நிமிடம் ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து. தேதியை என் கைக்கடிகாரத்திலும் சரிபார்த்தேன். இருபத்தொன்பது. ஆண்டு முடிய இரண்டு நாளுக்கு மேல் மிச்சம் வைத்துத்தான் செய்திருந்தேன். கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவது அச்சகத்துக்காரர்களின் புத்தி.

சிதறிய கடிதங்களில் அந்தப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. படித்துப் பார்த்தேன். குழந்தைகள் ஆறு, மணி நேரம் அறுபது. என் குறிப்பு சரியாக இருந்தது. அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இதைக் கேட்டால் உங்களுக்கு முகம் சுளிக்கும், ஆனாலும் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். ஜனவரி இரண்டாம் தேதி தம்பிக்காரர் வந்தார். ஸ்டூல், பெட்டி, சிதறிய கடிதங்கள் எல்லாம் பார்த்துவிட்டு விபத்து என்று கோப்பை மூடினீர்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஆட்சேபணை தேதியில்தான். குளிர்காலம், ஜன்னல் திறந்திருந்ததால் உடல் அவ்வளவாகக் கெடவில்லை. உங்கள் மருத்துவர் குத்துமதிப்பாக ஒரு கணக்குப் போட்டு, இறந்த நாள் ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டார். செய்தித்தாளில் அதைப் பார்த்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று அக்காவைக் கேட்டால் சொல்லுவாள்.

மூன்று நாள் சோம்பல் பார்க்காமல் யோசித்தேன். மொட்டைக் கடிதம் போடலாம். ஆனால் பெயரில்லாத ஆதாரத்தை எங்கள் அகராதி ஏற்பதில்லை. அந்த விதியையும் நான் மதிக்கிறேன். நேரில் பார்த்தவர் பெயரோடு கையெழுத்திட்டுச் சொன்னால்தான் பதிவேட்டைத் திருத்த முடியும். நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் வந்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்ததாக அந்தத் தட்டச்சுக்காரர் முதல் பக்கத்தில் அடித்திருக்கிறார். அதை நீக்கிவிடச் சொல்லுங்கள். தேதியை மாற்ற வந்தேன்.

தூக்கோ ஆயுளோ, உங்கள் இஷ்டம். அந்த அம்மாளின் இறப்புச் சான்றிதழில் டிசம்பர் இருபத்தொன்பது, மாலை நான்கு பத்து என்று இருக்க வேண்டும். அது போதும்.

என்ன இது? இதையும் பார்க்க வேண்டுமா?

அவருடைய அடையாள அட்டை.

பொறுங்கள். ஒரு நிமிடம்.

பிறந்த ஆண்டு இது இல்லையே. என் குறிப்பில் இருப்பதைவிட இரண்டு வருடம் முந்தி இருக்கிறது.

…

ஆமாம், கேட்கிறது. யோசிக்கிறேன்.

சொல்லிவிடுகிறேன். மார்ச் மாத விளம்பரத்தில் வயது எழுபத்திரண்டு என்று இருந்தது. என் பழைய அட்டையின்படி எழுபத்து நான்கு வர வேண்டும். அது பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்பதை அன்றைக்கே பார்த்தேன். அட்டையின் கீழே அவர் தொலைபேசி எண் இருந்தது, தொலைபேசி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கூப்பிட்டிருந்தால் அவரே எடுத்திருப்பார். இன்னொரு ஐந்து வருடம் அந்த அட்டை மூலையோடு கிடந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. பென்சிலை எடுத்துப் பிறந்த ஆண்டை விளம்பரத்துக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றினேன். அதற்குப் பிறகு அதை மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்துவிட்டேன்.

ஆக, 641-ஆம் பக்கத்தில் இடது பத்தியில் ஓர் எண் இன்னும் தவறாகத்தான் இருக்கிறது. திருத்தம் எப்படியும் போட வேண்டியிருக்கும்.

வருத்தப்படுகிறாயா என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இப்போது படுகிறேன். அந்த அம்மாள் என் எதிரில் உட்கார்ந்து அதே வரியில் விரலை வைத்தார். வேறு தப்பு இருக்கிறதா என்று நான் வாய்விட்டுக் கேட்டேன், அடுத்த மேசைக்காரர் சாட்சி. தன் வயதில் இரண்டு குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எப்படியும் திருத்தம் வரத்தான் போகிறது என்று தெரிந்து நான் அந்த நாலு மாடியை ஏறியிருக்கவே மாட்டேன்.

அதனால் இதையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். இது அவர் மறைத்த பிழை. இதற்குப் பக்கத்தில் என் பெயர் வருவது நியாயமில்லை என்று ஒரு வரி. அந்த வரி இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.